பதினாலாம் கட்டிலுக்குக் காய்கறி

தையல்காரரின் மனைவிக்கு வயிற்றில் கட்டி. எடுப்பது பெரிய விஷயமில்லை, ரத்தத்தில் ஹீமோகுளோபின் பத்து இருந்தால் நாளைக்கே எடுத்துவிடலாம் என்று அறுவை டாக்டரம்மா சொன்னார். இருந்தது எட்டரை. மாதக்கணக்கில் உதிரம் போய்ப் போய் வந்த எட்டரை.

"மாத்திரை குடுக்கிறேன். அதோட நல்லா சாப்பிடணும். பத்தைத் தாண்டாம நான் கத்தியைத் தொடமாட்டேன்" என்றார் டாக்டரம்மா. சாப்பாடுதானே, வீட்டிலேயே போடுகிறேனே என்றார் தையல்காரர். டாக்டரம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, இங்கேயே இருக்கட்டும், உதிரம் அதிகமானால் பார்க்க ஆள் உண்டு, சரிவிகித உணவுக்கென்றே எங்களிடம் தனிப் பிரிவும் இருக்கிறது என்றார். அவர் வாரத்தில் பாதி நாள் வெளியூர் ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறவர். பிரிவு இருப்பது அவருக்குத் தெரியும். அது என்ன செய்கிறது என்பது தெரியாது.

சரிவிகித உணவுப் பிரிவு மூன்றாவது மாடி முழுவதையும் எடுத்துக்கொண்டிருந்தது. சமையலறை பின்பக்கம், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில், தகரக் கூரைக்குக் கீழே. சமைக்க இரண்டு பேர். என்ன சமைப்பது என்று திட்டமிட பத்தொன்பது பேர். திட்டமிடுகிறவர்களுக்கு மதியச் சாப்பாடு வெளியிலிருந்து வந்தது, ஏனென்றால் சமைக்கிற இரண்டு பேரால் அவ்வளவு பேருக்குச் சமைக்க முடியாது.

சேர்த்த அன்றே தையல்காரர் கையில் ஆறு பக்கப் படிவத்தைக் கொடுத்தார்கள். நோயாளியின் ஒரு வாரச் சாப்பாட்டை வேளைவாரியாக, கிராம் கணக்கில், நோயாளியின் உறவினர் திட்டமிட்டுத் தரவேண்டும். பிரிவு அதைச் சரிபார்க்கும். நீங்களே போட்டுவிடக்கூடாதா என்று கேட்டதற்கு, நாங்களே போட்டு நாங்களே சரிபார்த்தால் அதில் நேர்மை எங்கே இருக்கிறது என்று குமாஸ்தா திருப்பிக் கேட்டார்.

தையல்காரருக்கு அங்குலம் தெரியும். கிராம் தெரியாது. சோறு, பருப்பு, முட்டை, கீரை, பால், பழம் என்று எழுதி, அளவு என்ற இடத்தில் 'பசிக்கிற அளவு' என்று போட்டார்.

"பசி எங்க அளவுப் பட்டியல்ல இல்லையே" என்றார் குமாஸ்தா.

"அவளுக்கு இருக்குங்க."

"இருக்கலாம். அதை எப்படி நாங்க நிறுத்துப் பாக்கிறது?"

அடித்துத் திருத்தி எழுதிய படிவம் சக்தி மேசைக்குப் போனது. அங்கிருந்து புரத மேசை. அங்கிருந்து வண்ண மேசை. ஒரு நாளைய தட்டில் ஐந்து வண்ணம் இருந்தாக வேண்டும் என்பது விதி. வண்ண அதிகாரி வண்ணங்கள் ஒட்டிய ஒரு அட்டையை வைத்துக்கொண்டு, கீரை எந்தப் பச்சை என்று கேட்டார். தையல்காரர் அட்டையைப் பார்த்தார். அவர் வாராவாரம் நூல் வாங்கும் கடையில் தரும் அதே அட்டை. முந்நூற்றுப் பன்னிரண்டு என்றார். அதிகாரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் இவ்வளவு தெளிவாகப் பதில் சொன்ன உறவினரை அவர் பார்த்ததில்லையாம். தெளிவாகச் சொன்னதால் வண்ண மேசையில் இரண்டு நாள்தான் ஆனது.

மொத்தம் ஒன்பது நாள். அதுவரை தற்காலிக உணவு என்று கஞ்சி வந்தது. கஞ்சிக்குத் திட்டம் தேவையில்லை, ஏனென்றால் அதைப் பிரிவு உணவாகக் கருதவில்லை.

பத்தாம் நாள் ஒப்புதல் வந்தது. முத்திரை, மூன்று கையெழுத்து, கீழே வாழ்த்து. தையல்காரர் அதைப் பதினாலாம் கட்டிலில் மனைவியின் தலைமாட்டில் செருகிவைத்தார். பின்னாலேயே தட்டும் வந்தது. வேகவைத்த பீன்ஸ், முட்டைக்கோஸ், கேரட். மதியம் முட்டைக்கோஸ், கேரட், பீன்ஸ். ராத்திரி கேரட்டை முதலில் வைத்திருந்தார்கள்.

"என்னங்க இது, ஆட்டுக்குப் போடற மாதிரி?" என்றாள் மனைவி. "எதிர்ப் பக்கம் பாருங்க, ஒன்பதாம் கட்டில் அக்காவுக்கு மூணு வேளையும் பருப்பும் முட்டையும். அந்த அக்கா முட்டையைப் பாத்தாலே முகத்தைத் திருப்பிக்குது."

ஒன்பதாம் கட்டில் அக்கா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவள். மூட்டை சரிந்து இடக்கை உடைந்து கட்டுப்போட்டிருந்தது. மற்றபடி அந்த வார்டில் அவளைப்போல் திடமாக ஒருவரும் இல்லை, நர்ஸ்களையும் சேர்த்து. வார்டே அவளை மார்க்கெட் அக்கா என்றுதான் கூப்பிட்டது.

தையல்காரர் ஒப்புதலை உருவிக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஓடினார். எழுதியது ஒன்று, வந்தது ஒன்று என்றார். இந்தத் தடவை அவரைப் பிரிவுத் தலைவரிடமே அனுப்பினார்கள். தலைவர் நிதானமானவர். எதிரில் இருப்பவர் வெறும் உறவினர்தான் என்பதைக் கூடப் பொருட்படுத்தாமல் விளக்கினார்.

"ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியா தட்டை சமன்படுத்தறது பழைய காலத்து முறைங்க. நேரம் வீண். நாங்க வார்டை சமன்படுத்தறோம். இருபத்து நாலு கட்டில். ஆறு கட்டிலுக்கு சோறு. ஆறுக்குப் பருப்பும் முட்டையும். ஆறுக்குக் காய்கறி. ஆறுக்குப் பாலும் பழமும். கூட்டி இருபத்து நாலால வகுத்துப் பாருங்க. ஒரு கிராம் பிசகாது. உங்க மனைவி சராசரியா ரொம்ப நல்லா சாப்பிடறாங்க."

"அவ வயித்துக்குள்ள காய்கறிதானேங்க போகுது?"

"நீங்க வயித்தைப் பாக்கறீங்க. நாங்க வார்டைப் பாக்கறோம்."

தையல்காரர் தனக்குத் தெரிந்த வழியில் சொல்லிப் பார்த்தார். என் கடைக்கு முப்பது இன்ச் மார்பும் வருது, நாற்பத்து நாலு இன்ச் மார்பும் வருது. எல்லாருக்கும் முப்பத்தேழுல தைச்சேன்னா ஒருத்தருக்குத் தொளதொளன்னு இருக்கும், ஒருத்தருக்குக் கையே நுழையாது. இந்த ஊர்ல முப்பத்தேழு இன்ச் ஆளே கிடையாதுங்க என்றார்.

தலைவர் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். மிக அருமையான உதாரணம், அடுத்த கருத்தரங்கில் சேர்த்துக்கொள்கிறேன் என்றார். பிறகு, "ஆனா நீங்க அந்தத் துணிச்சலைச் செய்யலை, பாருங்க. முப்பத்தேழுல தைக்க உங்களுக்கு மனசு வரலை. எங்களுக்கு வந்துச்சு" என்றார்.

மறுநாள் தையல்காரர் வீட்டிலிருந்து இரண்டு அவித்த முட்டையைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்தார். வார்டு வாசலில் உணவு ஆய்வாளர் பிடித்துவிட்டார். அவர் கோபப்படவில்லை, வருத்தப்பட்டார். இரண்டு முட்டை உள்ளே போனால் வார்டில் ஒவ்வொரு நோயாளியும் பன்னிரண்டில் ஒரு பங்கு முட்டை கூடுதலாகச் சாப்பிட்டதாக ஆகும், அதில் இரண்டு பேருக்கு முட்டையே ஆகாது, அவர்களுக்கு ஏதாவது ஆனால் நீங்கள் பொறுப்பா என்று கேட்டார். முட்டைகள் ரசீதுடன் பறிமுதல் ஆயின.

இந்தக் கூத்து மூன்று நாள் நடந்தது. நான்காம் நாள் வார்டு தானாகவே ஒரு வழி கண்டுபிடித்தது. தட்டு வந்ததும் சோற்று வரிசை பருப்பு வரிசைக்குத் தள்ளியது, காய்கறி வரிசை பழ வரிசைக்கு நீட்டியது. கால் மணி நேரத்தில் இருபத்து நாலு பேரும் ஒழுங்காகச் சாப்பிட்டார்கள். மார்க்கெட் அக்கா ஒற்றைக் கையாலேயே நாலு தட்டுகளைக் கை மாற்றினாள். முட்டையை விட்டால் போதும் அவளுக்கு, கேரட் என்றால் உயிர்.

பிரிவு பதறிப்போனது. அனுமதியற்ற விநியோகம் என்று சுற்றறிக்கை வந்தது. தட்டுகளில் கட்டில் எண்ணைப் பொறித்து, சின்னச் சங்கிலி போட்டு, கட்டில் கம்பியோடு மாட்டிவிட்டார்கள். எந்தத் தட்டும் தன் கட்டிலை விட்டு நகரக்கூடாது என்று பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டினார்கள்.

தையல்காரரின் மனைவி படுத்தபடியே அதை இரண்டு தடவை படித்தாள். "தட்டுதானே நகரக்கூடாது" என்றாள். "நாம நகரலாமே."

அன்று முதல் சாப்பாட்டு மணி அடித்ததும் வார்டே எழுந்து இடம் மாறியது. நடக்க முடியாதவர்களை நடக்க முடிந்தவர்கள் தாங்கிக்கொண்டு போனார்கள். சலைன் ஏறுகிறவர்கள் பாட்டில் கம்பியைத் தள்ளிக்கொண்டே போனார்கள். தையல்காரரின் மனைவி காலையில் ஒன்பதாம் கட்டிலில் உட்கார்ந்து முட்டையும் பருப்பும், மதியம் மூன்றாம் கட்டிலில் சோறு, ராத்திரி இருபத்தொன்றில் பால் பழம். அவள் ஒன்பதில் இருக்கும்போது மார்க்கெட் அக்கா பதினாலில் கேரட் தின்றுகொண்டிருப்பாள். ஆய்வாளர் வந்து சங்கிலிகளை எண்ணிப் பார்த்துத் திருப்தியோடு போவார். தட்டுகள் ஒன்றும் நகரவில்லை.

பத்தொன்பதாம் நாள் காலைச் சாப்பாட்டு நேரத்தில் ரத்தம் எடுக்கிறவர் வந்தார். அவர் கையிலிருந்த சீட்டில் 'கட்டில் 14' என்று மட்டும் போட்டிருந்தது. பதினாலில் மார்க்கெட் அக்கா வாய் நிறையக் கேரட்டோடு இருந்தாள். ஊசியை வைத்துக்கொண்டு ஒருவர் கையை நீட்டச் சொல்லும்போது ஏன் என்று கேட்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. நல்ல கையை நீட்டினாள்.

பன்னிரண்டு புள்ளி ஆறு.

மறுநாள் பிரிவே வார்டில் இறங்கிவிட்டது. மைக், ஒரு மேசை விரிப்பு, புகைப்படம் எடுக்க ஒருவர். எட்டரையில் வந்த ஒரு பெண்மணியைப் பத்தொன்பதே நாளில் பன்னிரண்டரைக்கு மேல் கொண்டுபோன திட்டம் உலகத்தில் வேறெங்கும் இல்லை என்று தலைவர் பேசினார்.

"வெறும் காய்கறியிலயே இவங்களுக்கு இவ்வளவு ரத்தம் ஊறியிருக்கு. அப்ப மத்த பதினெட்டு கட்டிலுக்கும் நாம அநாவசியமா செலவு பண்ணிட்டிருக்கோமோன்னு எனக்கு இப்பத் தோணுது. அது நம்ம அடுத்த கட்டம். சமச்சீர்னா என்ன? ஒருத்தருக்கு இல்லாததை எல்லாருக்கும் இல்லாம செய்யறது" என்றார்.

கைதட்டினார்கள். நாளைக் காலையே ஆபரேஷன் என்று அறிவித்தார்கள்.

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற தையல்காரர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். சுண்ணாம்பு அடித்த சுவர் கூட அதைவிட நிறமாக இருந்தது. குனிந்து காதோடு கேட்டார். அவள் சொன்னாள். கையைத் தூக்கினார். நன்றியுரை என்று நினைத்து மைக்கைக் கொடுத்துவிட்டார்கள்.

அது என் மனைவி ரத்தமே இல்லை, திரும்ப ஒருதடவை எடுத்துப் பாருங்கள் என்றார் தையல்காரர்.

மைக் உடனே பிடுங்கப்பட்டது. தலைவர் அவரைத் தோளில் கைபோட்டு ஜன்னலோரம் அழைத்துப்போனார். "உங்க மனைவி நல்லா இருக்கிறதுல உங்களுக்கு என்னங்க கஷ்டம்?" என்று கேட்டார். நிஜமான அக்கறையோடுதான் கேட்டார்.

அன்று முழுவதும் தையல்காரர் தன் மனைவிக்கு உடம்பு சரியில்லை என்பதை நிரூபிக்க மாடி ஏறி இறங்கினார். குணமானதை மறுக்கும் மனு என்று ஒன்று இருந்தது. அதைக் குணமான நோயாளியின் உடல்நலச் சான்றோடு சேர்த்துத் தரவேண்டும். பரிசோதனைக் கூடத்தில் கேட்டால், உணவுப் பிரிவு சொன்னால் எடுக்கிறோம் என்றார்கள். உணவுப் பிரிவில் கேட்டால், நல்ல முடிவு வந்தபிறகு மறுபடி எடுப்பது பரிசோதனைக் கூடத்தை அவமதிப்பதாகும் என்றார்கள். வார்டு சிஸ்டர் தன்னால் ஆனமட்டும் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுப் பார்த்தார். வெளியூரில் ஆபரேஷனில் இருந்தார், எடுக்கவில்லை.

கடைசியாக மார்க்கெட் அக்காவே கட்டுப்போட்ட கையோடு மூன்று மாடி ஏறி வந்தாள்.

"எழுதிக்கோங்க சாமி, அது என் ரத்தம். நான்தான் குடுத்தேன்."

குமாஸ்தா பதிவேட்டைப் புரட்டினார். "நீங்க ஒன்பதாம் கட்டில்."

"ஆமா. அப்ப பதினாலுல இருந்தேன்."

"ஒன்பதாம் கட்டில் எப்படிங்க பதினாலுல இருக்க முடியும்?"

"கட்டில் இல்லைய்யா. நான்."

"நீங்கதானேம்மா ஒன்பதாம் கட்டில்."

அக்கா தையல்காரரிடம் திரும்பி, "வாங்கண்ணே போலாம். எனக்கு இன்னொரு கையும் உடைஞ்சிரும் போல இருக்கு" என்றாள்.

விடியற்காலையில் பச்சை அங்கியை மாட்டி மனைவியை ஸ்ட்ரெச்சரில் ஏற்றினார்கள். அங்கியின் முடிச்சு நாடா ஒன்று அறுந்திருந்தது. தையல்காரர் கூடவே நடந்துகொண்டு அதைப் பிடித்துக்கொண்டே போனார். ஆபரேஷன் தியேட்டர் கதவுக்கு வெளியே தள்ளுகிறவர் நின்றார். உள்ளே போனால் வெளியே வருவாளா என்று கேட்கத் தையல்காரருக்கு ஆள் இல்லை. மனைவிதான் பேசினாள்.

"கடையில அந்த நீலத் துணி வெட்டினபடியே கிடக்கு. இன்னிக்குக் கேட்டு வருவாங்க. தைச்சுக் குடுத்துடுங்க."

"நீ வந்து பட்டன் வை" என்றார் அவர்.

டாக்டரம்மா நேராக ரயிலிலிருந்து வந்திருந்தார். ஃபைலைப் பார்த்து, அடேயப்பா பன்னிரண்டா என்று சிரித்தபடியே பழக்கதோஷத்தில் மனைவியின் கண்ணின் கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தார். சிரிப்பு நின்றது. இன்னொரு கண்ணையும் பார்த்தார். யாரிடமும் அனுமதி கேட்காமல் தானே ஊசியை எடுத்து ரத்தம் எடுத்து, அதோடு ஒரு ஆளைப் பரிசோதனைக் கூடத்துக்கு விரட்டினார்.

ஏழு புள்ளி ஒன்பது.

சேர்த்தபோது இருந்ததைவிடக் குறைவு. மயக்க மருந்து கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை டாக்டரம்மா வாய்விட்டுச் சொல்லவில்லை. உணவுப் பிரிவுத் தலைவரை வரச்சொன்னார். அவர் கால்குலேட்டரோடு வந்தார். இரண்டு சீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிதானமாகத் தட்டினார்.

"பயந்துட்டேன் டாக்டர். ஒண்ணும் பிரச்சினை இல்லை. பன்னிரண்டு புள்ளி ஆறு, ஏழு புள்ளி ஒன்பது. சராசரி பத்தேகால். உங்களுக்குத் தேவை பத்து. கால் கூடவே இருக்கு" என்றார்.

ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த மனைவிதான் கேட்டாள். "அந்தக் காலு யாருக்குங்க, எனக்கா மார்க்கெட் அக்காவுக்கா?"

தலைவர், அதை வார்டுக்குப் பகிர்ந்து தரலாம் என்றார்.

டாக்டரம்மா கையுறையைக் கழற்றித் தொட்டியில் போட்டார். தையல்காரரைப் பக்கத்தில் கூப்பிட்டு, இவங்களை இப்பவே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, மாத்திரையை விடாதீங்க, என்ன இருக்கோ எல்லாத்தையும் கலந்து சாப்பிடக் குடுங்க, உதிரம் அதிகமானா அர்த்தராத்திரியானாலும் எனக்குப் போன் பண்ணுங்க என்றார். செவ்வாய்க்கிழமைகளில் அவர் போகும் சின்ன ஆஸ்பத்திரியின் பெயரை ஒரு சீட்டில் எழுதினார். "அங்க உணவுப் பிரிவு கிடையாது. ஒரு அம்மா சமைப்பாங்க, அவ்வளவுதான். நான்தான் தப்புப் பண்ணிட்டேன், இங்க சேக்கச் சொன்னது" என்றார்.

ஒரு மணி நேரத்தில் புடவை மாற்றி, பையைக் கட்டி, மார்க்கெட் அக்காவிடம் சொல்லிக்கொண்டு இருவரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். வாசல் காவலாளி சீட்டைக் கேட்டார். வயசானவர், மரியாதையாகத்தான் கேட்டார். வெளியேறும் சீட்டில் எல்லாம் சரியாக இருந்தது, ஒரு கட்டம் மட்டும் காலி. வெளியேறும் நாளில் நோயாளி சரிவிகித உணவு எடுத்துக்கொண்டாரா. ஆபரேஷனுக்காக அவள் முந்தின ராத்திரியிலிருந்து தண்ணீர் கூடக் குடிக்கவில்லை. கட்டம் நிரம்பாமல் கதவைத் திறந்தால் காவலாளியின் வேலை போய்விடும். நிரப்பவேண்டுமென்றால் மூன்றாம் மாடியில் ஆறு பக்கப் படிவம், ஒன்பது நாள்.

தையல்காரர் பையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். இருபத்தொரு நாளில் அவர் உட்கார்ந்து அழுதது அப்போதுதான். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, "எந்திரிங்க, மனுஷங்க பாக்கறாங்க" என்றாள். குரல் காற்றாக வந்தது.

காவலாளி இரண்டு பேரையும் பார்த்தார். மேலே மூன்றாம் மாடி ஜன்னலைப் பார்த்தார். தன் அறைக்குள் போய்ச் சாப்பாட்டு டப்பாவை எடுத்துவந்து அவள் மடியில் வைத்துத் திறந்தார். சோறு. ஓரத்தில் பருப்பு. மேலே பாதியாக வெட்டிய ஒரு முட்டை. கொஞ்சம் கீரை. மூடியில் ஒரு வாழைப்பழம்.

அவள் பிசைந்து சாப்பிட்டாள். கால்வாசி தீர்ந்தபிறகுதான் நிமிர்ந்து, உங்களுக்கு என்று இழுத்தாள். எனக்கு வெளியில டீ இருக்கும்மா, நீ சாப்பிடு என்றார் காவலாளி. டப்பாவை வழித்துச் சாப்பிட்டு, பழத்தையும் தின்று, தண்ணீர் குடித்தாள்.

"யாருங்கய்யா திட்டம் போட்டது இதுக்கு?" என்றாள்.

"என்ன திட்டம்? காலையில வீட்ல என்ன இருந்துச்சோ அதைப் போட்டுக் குடுத்திருக்கா."

காவலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு சீட்டை நிரப்பினார். சரிவிகித உணவு எடுத்துக்கொண்டாரா என்ற இடத்தில் ஆம் என்று எழுதினார். அதற்குக் கீழே, உணவுத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்த அதிகாரியின் பதவி என்று இருந்தது. கொஞ்சம் யோசித்து, 'என் வீட்டுக்காரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கதவைத் திறந்துவிட்டார்.

வீட்டுக்குப் போன எட்டாவது வாரம் தையல்காரரின் மனைவி பத்தரையைத் தொட்டாள். அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை கட்டியை எடுத்துவிட்டார்கள். இப்போது கடையில் உட்கார்ந்து பட்டன் வைக்கிறாள். அந்தச் சீட்டு மட்டும் மூன்றாம் மாடியிலேயே இருக்கிறது. வீட்டுக்காரி என்கிற பதவி எந்த மேசைக்குக் கீழே வருகிறது என்று பத்தொன்பது பேரும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.